கதவைத் தட்டுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் ரயில் நிலையத்துக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் ஒரு காட்சியைக் கண்டு திகைப்பார்கள். சீருடை அணிந்த இளைஞர்கள் தோளில் ராணுவத் துப்பாக்கியோடு ரயிலுக்குக் காத்திருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

வார விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள். அந்நாட்டு ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம். சேவைக்காலத்தில் கொடுக்கப்படும் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால், வீட்டில் வைத்துக்கொள்ள ராணுவம் தோட்டா கொடுப்பதை 2007இல் நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கியையும் முகாமிலேயே பூட்டி வைக்கலாமா என்று 2011இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 56 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 2019இல் துப்பாக்கி விதிகளை இறுக்கலாமா என்று கேட்டபோது, ஏறக்குறைய 64 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள்.

அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் அந்தத் துப்பாக்கி திருடனைச் சுடுவதற்காகத் தரப்பட்டதல்ல. நாட்டைக் காக்கும் கடமைக்காகத் தரப்பட்டது. தற்காப்புக்காக ஒருவர் துப்பாக்கியோடு வெளியே நடமாட விரும்பினால், அதற்குத் தனி உரிமம் வேண்டும். என்ன ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும். தேர்விலும் தேற வேண்டும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே பல வீடுகளில் துப்பாக்கி இருப்பது வீட்டைக் காக்கத்தான். 'வீடு ஒருவனின் கோட்டை' என்ற பழைய ஆங்கிலேயச் சட்டக் கருத்து அமெரிக்க மண்ணில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அந்தக் கருத்துக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார்.

ஜப்பானின் நகோயாவைச் சேர்ந்த யொஷிஹிரோ ஹத்தோரிக்கு அப்போது வயது 16. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பேட்டன் ரூஜ் நகருக்குப் படிக்கப் போயிருந்தார். 1992 அக்டோபர் 17 அன்று ஹாலோவீன் விருந்துக்காக வெள்ளை கோட்டு சூட்டு அணிந்து நண்பருடன் புறப்பட்டார். இருவரும் முகவரி தவறி வேறொரு வீட்டின் மணியை அடித்தார்கள். கதவைத் திறந்த பெண் பயந்துபோய் மூடிவிட்டார். அவருடைய கணவர் துப்பாக்கியோடு வெளியே வந்து, 'ஃப்ரீஸ்' என்று கத்தினார். அசையாதே என்று பொருள். ஹத்தோரி விருந்துக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். கையில் இருந்தது கேமரா. குண்டு நெஞ்சில் பாய்ந்தது.

மறுவருடம் நடுவர் குழு அந்த வீட்டுக்காரரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. ஜப்பானியர்களால் இதை நம்பவே முடியவில்லை. அங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வேட்டைத் துப்பாக்கி வேண்டுமானால்கூட வகுப்பு, எழுத்துத் தேர்வு, மருத்துவர் சான்றிதழ், போலீஸ் விசாரணை என எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். ஹத்தோரியின் பெற்றோர் அமெரிக்க வீடுகளிலிருந்து துப்பாக்கியை அகற்றக் கோரி சுமார் 17 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 1993 நவம்பரில் அதிபர் கிளிண்டனை நேரில் சந்தித்தார்கள்.

நம் மலேசியாவில் என்ன நிலை? உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டுச் சுடுதளத்துக்குப் போகிறவர்கள் நினைவுப் பொருளாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், விமான நிலையத்திலேயே சிக்கல்தான். சிங்கப்பூரிலும் அப்படியே.

அதற்காக நம் சட்டம் வீட்டுக்காரரைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. 1860இல் இந்தியாவுக்காக எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்திலிருந்து நமக்கும் சிங்கப்பூருக்கும் வந்த பிரிவுகள் இவை. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும், 103ஆம் பிரிவு வீட்டுக்காரருக்குத் துணை நிற்கும். ஆனால் 99ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீசை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. பிடிபட்ட திருடனைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊரே சேர்ந்து அடிப்பது தற்காப்பு ஆகாது. அடித்தவர்தான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

எந்த நாட்டிலும் வீடு என்றால் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வாசலில் நிற்கும் முகம் தெரியாதவரை முதலில் யாராக நினைப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் மாறுகிறார்கள். நாம் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டுதான் தூங்குகிறோம். ஆனாலும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், நண்பரின் நண்பர் என்று யாரோ வந்தால்கூட 'வாங்க, முதல்ல சாப்பிடுங்க' என்று முறுக்குத் தட்டை நீட்டுகிறோம்.

அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான் அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். பெட்டியில் ஊறுகாய் வைத்து அனுப்பும் பெற்றோர் இதையும் சொல்லி அனுப்புங்கள்: போகுமுன் போன் செய், வீட்டு எண்ணை இருமுறை பார். யாராவது 'ஃப்ரீஸ்' என்று கத்தினால், விளக்கம் சொல்லப் போகாதே, அப்படியே நில்.