சிகிரியாவிலிருந்து ஒரு ரொக்கெட்

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாக் குன்றை ஆர்தர் சி. கிளார்க் ஒருமுறை இடம்பெயர்த்தார். 1979இல் வெளிவந்த ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் அதற்கு யக்ககல என்று பெயர். பூமிக்கும் விண்ணுக்கும் நடுவே ஒரு லிஃப்ட் கட்டுவதுதான் கதை. லிஃப்டின் அடி நிலநடுக்கோட்டில் இருக்கவேண்டும். இலங்கையோ வடக்கே 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் கிடக்கிறது. மனுஷன் தயங்கவில்லை. தீவு முழுவதையும் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளினார். சிவனொளிபாதமலையின் உயரத்தை இரட்டிப்பாக்கிக் குன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். செய்ததையெல்லாம் நூலின் கடைசியில் மறைக்காமல் சொல்லியும் இருக்கிறார்.

வெறும் எட்டுப் பாகை. அதற்கு ஏன் இத்தனை பாடு?

பௌதிகவியல் வகுப்பில் கேட்டால் சூத்திரம் கிடைக்கும். கணினியில் ஓட்டிப் பார்த்தால் எரிபொருள் தீரும், அப்போதுதான் உறைக்கும். அதற்கென்றே அமைந்தது ‘ஓர்பிட்டர்’ என்ற விண்பறப்பு மென்பொருள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளராக இருந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000இல் அதை இலவசமாக வெளியிட்டார். அதில் எதிரியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஈர்ப்பு விசையும் நீங்களும்தான். அகலக்கோடு 7.96 வடக்கு, நெடுங்கோடு 80.76 கிழக்கு என்று கொடுத்தால் விண்கலம் சிகிரியாவில் வந்து நிற்கும். (சுவரோவியங்களை எதிர்பார்க்க வேண்டாம்.)

கிழக்கு நோக்கிக் கிளப்பினால் பூமியின் சுழற்சியே செக்கனுக்கு 460 மீற்றர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. நிலநடுக்கோட்டில் 465 கிடைக்கும். ஐந்து மீற்றர் ஒரு பொருட்டா என்று தோன்றும். நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. சிகிரியாவிலிருந்து போகும் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகை சாய்ந்தே அமையும். தாழ்ந்த பாதையில் கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் ஓடுகிறது. அங்கேயே சாய்வை நிமிர்த்த முயன்றால் செக்கனுக்கு ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்துக்குரிய எரிபொருளைக் கொட்டவேண்டும். அதையே புவிநிலைச் சுற்றுப்பாதையின் 35,786 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்ச் செய்தால் பாதிச் செலவுகூட ஆகாது. மெதுவாக ஓடுவதைத் திருப்புவது சுலபம். ரொக்கெட் இப்படிப் பொறுத்திருந்து திருப்பிக்கொள்ளும். தரையில் கட்டிய லிஃப்டுக்கு அந்த வழி கிடையாது. கிளார்க் தீவையே நகர்த்தியதன் நியாயம் இதுதான்.

‘கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. மெக்சிகோ நகரத்து ஸ்குவாட் நிறுவனம் 2011இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் ஏவுதளமே நிலநடுக்கோட்டில் இருக்கிறது. கிளார்க் செய்த அதே கள்ளவேலை! கேர்பின் என்ற கற்பனைக் கோளின் ஆரை 600 கிலோமீற்றர், நம் பூமியினுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செக்கனுக்கு 2.3 கிலோமீற்றர் வேகம் பிடித்தாலே சுற்றத் தொடங்கிவிடலாம். நிஜப் பூமி வேண்டும் என்பவர்கள் ரசிகர்கள் எழுதிய ‘ரியல் சோலார் சிஸ்டம்’ என்ற சேர்க்கையைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கேதான் இயங்குதளம் குறுக்கே வருகிறது. இத்தகைய சேர்க்கைகள் நினைவகத்தை விழுங்கும். அக்கால விண்டோஸ் பதிப்பு 32 பிட். நான்கு கிகாபைற்றை நெருங்கினால் ரொக்கெட் பறந்துகொண்டிருக்கும்போதே விளையாட்டு செத்துப்போகும். லினக்ஸிலோ 64 பிட் பதிப்பு ஒழுங்காக ஓடியது. விண்டோஸுக்கு நம்பகமான 64 பிட் பதிப்பு 2016 ஏப்ரலில்தான் வந்தது. விளையாட்டென்றால் விண்டோஸ் என்று இருந்த காலத்தில், சந்திரனுக்குப் போவதற்காகவே லினக்ஸ் நிறுவியவர்கள் இருந்தார்கள்.

மெக் வைத்திருந்தவர்கள் பாடு வேறு. ‘எலீட்: டேஞ்சரஸ்’ என்ற விண்வெளி விளையாட்டு 40,000 கோடி விண்மீன் தொகுதிகளைக் காட்டியது, 2015இல் மெக்குக்கும் வந்தது. அதன் புதிய பகுதிகளுக்கு வேண்டிய கிராஃபிக்ஸ் வசதியை அப்பிள் தரவில்லை என்று 2018 டிசம்பரில் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பால்வீதி அப்படியே இருக்க, கதவு மட்டும் சாத்தப்பட்டது. ‘கேர்பல்’ இரண்டாம் பாகம் 2023இல் விண்டோஸுக்கு மட்டும் முற்பதிப்பாக வெளிவந்தது. மறு ஆண்டே அதை உருவாக்கிய ஸ்டூடியோ மூடப்பட்டு, விளையாட்டு அரைகுறையாக நின்றது. முதற்பாகமோ மூன்று இயங்குதளங்களிலும் இன்னும் ஓடுகிறது.

மென்பொருள் மூப்படைவது கிளார்க்குக்கும் தெரிந்திருக்கும். ‘2010’ நாவலைக் கொழும்பில் ஆர்கைவ்ஸ் III என்ற கணினியில், வேர்ட்ஸ்டாரில் எழுதி, நியூயோர்க்குக்கு டிஸ்கெட்டில் அனுப்பினார். கடைசித் திருத்தங்கள் பாதுக்க புவி நிலையம் வழியாகச் செய்மதியில் போயின. செய்மதித் தொடர்பு பற்றி 1945இலேயே எழுதியவருக்கு அதில் தனிச் சந்தோஷம் இருந்திருக்கும். அந்த டிஸ்கெட்டைச் செருக இன்றைய மடிக்கணினி எதிலும் இடமில்லை.

ஓர்பிட்டருக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கலாம். ஷ்வைகர் 2021இல் அதன் மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டதால் பிழைத்தது. ஆனாலும் அது விண்டோஸின் டைரெக்ட்எக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் வசதியை நம்பி எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கும் ‘வைன்’ வழியாக ஓட்டப் பார்க்கலாம், பொறுமை வேண்டும்.

இப்போது மாத்தளையில் பழைய மடிக்கணினியோடு இருக்கும் உயர்தர மாணவரின் நிலைமைக்கு வருவோம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிப்களை ஏற்காது. கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்லுவார். வாங்கவேண்டியதில்லை. லினக்ஸைப் போட்டால் ‘ஸ்டெல்லேரியம்’, ‘செலஸ்டியா’ என்ற வானியல் மென்பொருள்கள் இரண்டும் செலவில்லாமல் கிடைக்கும். நினைவகம் போதுமானால் ‘கேர்பல்’ முதற்பாகமும் ஓடும்.

ஸ்டெல்லேரியத்தில் தொடங்குங்கள். இருப்பிடமாக மாத்தளையைக் கொடுத்து வடக்கே திரும்புங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ ஏழரைப் பாகை உயரத்தில் இருக்கும். நம் ஊரில் எதிரே ஒரு குன்று நின்றாலே அது மறைந்துபோகும். ‘ஜி’ விசையை அழுத்தினால் தரை மறையும், அடிவானத்துக்குக் கீழே உள்ளதும் தெரியும்.