கச்சான் காற்றும் கிட்டக் கட்டியும்

ஆடி மாதத்தில் ஒலுவிலுக்குப் போக வேண்டாமென நண்பர்கள் தடுத்தனர். நாம் கேட்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. கடல் அருகிருந்தும் தணியாத வெக்கை!

“இந்தக் கச்சானால ஒரு பிரயோசனமும் இல்ல, சேர்” என்றார் நம்மை வரவேற்ற ஆசிரிய நண்பர்.

“ஒரு காலத்தில் இதே காற்று உருக்குச் செய்தது” என்றோம். அவர் நம்பவில்லை.

தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு கிழக்கே இறங்குவதே கச்சான். பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ மலைமுகடுகளில், கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, அக்காற்றை எதிர்நோக்கி உலைகள் அமைத்தனர். துருத்தி இல்லை. 1994இல் கில் ஜூலெஃப் அம்மையார் அத்தகைய உலையைக் கட்டிக் காற்றினாலேயே இரும்பு எடுத்துக் காட்டினார்.

நண்பர் நம்மை ஒரு முதிய கொல்லரின் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். உலையடியிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த கருங்கட்டி, கண்ணாடி போல் மினுங்கியது. கிட்டம்! இரும்பை இரும்போடு ஒட்ட மணல் தூவுவாராம், “மணல் போட்டா அழுக்கு உருகி ஓடிடும். இப்ப எல்லாம் வெல்டிங்தானே” என்றார்.

அந்த ‘அழுக்கு’ இரும்பின் ஒட்சைட்டு. தனித்து உருகாத மணல், அதனோடு சேர்ந்தால் ஏறக்குறைய 1200 பாகை செல்சியசிலேயே உருகும். இரும்போ 1538 பாகை வரை திடமாகவே நிற்கும். பண்டைய உலையிலும் தாதுவின் மண்ணைக் கசடாக ஓட்டியது இவ்வேதியலே. ஆனால் விலை பெரிது: பயலைற்று எனும் அக்கசட்டின் எடையில் நூற்றுக்கு 55 பங்கு இரும்பு! மண்ணை விரட்ட இரும்பையே தாரை வார்த்தனர். அதுமட்டுமன்று, கசட்டில் ஒட்சைட்டு மிகுந்தால் அது இரும்பிலுள்ள காபனையும் தின்றுவிடும், பிறகு உருக்கு ஏது? பெருங்காற்று உலையில் வெப்பத்தை ஏற்றியதனாலேயே ஒட்சைட்டு குறைந்து, காபன் மிகுந்த உருக்கு கிடைத்தது. இக்கால ஊதுலைகளில் சுண்ணாம்புக்கல் இட்டு, மணலை அதனோடு கட்டிவிடுகின்றனர், இரும்பு தப்பிவிடுகிறது.

சமனலவெவ ஆய்வு நடந்ததே நீர்மின் அணைக்காகத்தான். 1992இல் அணை முடிந்தது, அப்பள்ளத்தாக்கு நீர்த்தேக்கமாயிற்று.

கொல்லர் கட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நண்பர் குடையை விரித்தார். கச்சான் அதைத் தலைகீழாக மடக்கிற்று.

“உங்கட உருக்குக் காற்று, சேர்!” என்றார்.