நம்பர் ஆறு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

எழுத்துத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டாரின் நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மின்கட்டண ரசீது வந்தாலும் சரி, மருந்துச் சீட்டு வந்தாலும் சரி, "தம்பி வரட்டும், படிச்சுச் சொல்லுவான்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அப்படி நான் படித்துச் சொன்ன ஒன்று பிழையாகிப் போன கதையை நண்பர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

என் தாத்தா இளமையில் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1950களின் இறுதியில் அந்தத் தோட்டத்துத் துரை சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது, தாத்தாவின் கையில் ஒரு மடக்குக் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். எலும்புப் பிடி, இரண்டு அலகு. அதில்தான் தாத்தா பாக்குச் சீவுவார். எனக்குப் பென்சிலும் சீவித் தருவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அலகு பிடியோடு சேரும் இடத்தில் பொறித்திருந்த ஒரு நட்சத்திரத்தையும் சிலுவையையும் நகத்தால் தடவிக் காட்டி, "இந்த முத்திரை இருந்தாத் தரமான கத்திடா, தம்பி" என்பார். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தேன். முத்திரைக்குப் பக்கத்திலிருந்த ஆங்கில எழுத்துகள் பல ஆண்டுகள் கல்லில் தீட்டித் தேய்ந்திருந்தன. "நம்பர் 6" என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "தாத்தா, இது ஆறாம் நம்பர் சரக்கு. நல்ல கத்தின்னா ஒண்ணுன்னு போட்டிருப்பான். துரை உங்களை ஏமாத்திட்டான்" என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார். அதன்பிறகு அவர் யாரிடமும் அந்தக் கத்தியைக் காட்டி நான் பார்த்ததில்லை. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவர் காலமானார்.

சென்ற ஆண்டு செய்முறை வகுப்பில், அளந்த ஒன்றை வெறும் எண்ணாக எழுதி நீட்டினேன். ஆசிரியர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "ஆறு என்றால் ஆறு என்ன? ஆறு கிராமா, ஆறு மில்லிமீட்டரா, ஆறு மாம்பழமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கோ தாத்தாவின் கத்தி நினைவுக்கு வந்தது. அந்த ஆறு, ஆறு என்ன?

அன்றிரவு முதல், பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்போர் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். விடுமுறையில் வீட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்து, லென்சை வைத்துத் தேய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். "ஜோசப் ராட்ஜர்ஸ் அண்டு சன்ஸ், நம்பர் 6, நார்ஃபோக் ஸ்ட்ரீட், ஷெஃபீல்டு, இங்கிலாந்து." ஆறு என்பது தரமே அல்ல, பட்டறையின் கதவிலக்கம்!

கத்தியின் மேலுள்ள எண்ணுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு. ஃபிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தியில் எண் அளவைக் குறிக்கும். 1897இல் 1 முதல் 12 வரை அளவுகள் வகுத்தார்கள். எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். அமெரிக்காவின் கேஸ் கத்தியிலோ எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டும். 6254 என்றிருந்தால் 6 என்பது செதுக்கிய எலும்புப் பிடி. 2 என்பது இரண்டு அலகு. 54 என்பது வடிவம். செய்த ஆண்டை அறியப் புள்ளிகள் உண்டு. 1970இல் பத்துப் புள்ளி பொறித்தார்கள். ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து 1979இல் ஒரு புள்ளி. 1980இல் மறுபடி பத்து. ஆனால் பெயரிலுள்ள 'எஸ்' எழுத்தை மின்னல் வடிவில் மாற்றினார்கள். ஆகவே ஐந்து புள்ளி இருந்தால் அது 1975ஆ, 1985ஆ என்பதை அந்த எழுத்துத்தான் சொல்லும்.

தாத்தாவின் கத்தியில் ஒரு கிரீடமும் அதன் இருபுறமும் 'ஜி', 'ஆர்' எழுத்துகளும் இருந்தன. அவை ஜார்ஜ் மன்னரைக் குறிப்பவை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று கொள்கிறார்கள். அதன்பின் ஆண்ட ஜார்ஜ் மன்னர்கள் இருவர். அவர்கள் காலம் 1910 முதல் 1952 வரை. துரை கொடுத்த கதையோடு இது ஒத்துப்போகிறது.

நட்சத்திரமும் சிலுவையும்? அங்கேதான் நான் தலைகுனிந்தேன். ஷெஃபீல்டு வட்டாரத்தில் கத்தி செய்வோர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் தன் முத்திரையை அங்கே பதிய வேண்டும். ஒருவர் முத்திரையை இன்னொருவர் இடக்கூடாது. வாங்குவோரில் பலருக்கு எழுத்துத் தெரியாத காலம் அது. அவர்கள் பெயரைப் படிக்காமலே செய்தவனை அறிந்துகொள்ள உதவியது அந்தக் குறிதான். ராட்ஜர்ஸ் பட்டறையின் குறி நட்சத்திரமும் சிலுவையும். அதன் புகழைக் கண்டு, அதைப் போலவே ஒலிக்கும் பெயர்களைப் பொறித்து விற்றவர்களும் இருந்தார்கள். ஆக, எழுத்தை மட்டும் நம்பியவன் ஏமாறியிருப்பான். தாத்தா பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்கிறார். அவர் படித்தது சரி. நான் படித்ததுதான் பிழை.

பாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி வெற்றிலையைக் கிள்ளியபடியே, "அவருக்கு அப்பவே தெரியும்டா. பேரன் இங்கிலீசு படிச்சுச் சொல்றானேன்னு சும்மா இருந்துட்டாரு" என்றாள்.

நண்பர்களே, உங்களில் பலரும் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். வீட்டில் ஒன்றைப் படித்துச் சொல்லுமுன், அதைப் பற்றிப் பெரியவர்கள் அறிந்தது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கத்தி இப்போது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். கல்லில் தீட்டுவதில்லை, தீட்டினால் மிச்சமிருக்கும் குறியும் தேய்ந்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை இப்போது நான் எடுத்துக் காட்டுகிறேன்.