அப்பாவோட புல்லட்டும் ஆம்மீட்டர் முள்ளும்

'இதத் தள்ளிட்டு பட்டன் ஸ்டார்ட் வண்டி ஒண்ணு வாங்கு'ங்கறது அம்மாவோட ஒரே பாட்டு. அப்பாவுக்கு முட்டி வலி, புல்லட்டை உதைக்க முடியல. தருமபுரி வீட்டு வாசல்ல சும்மா நிக்குது. அம்மா சொல்றதும் நியாயம்தான்.

ஆனா மக்கா, இது லேசுப்பட்ட வண்டி இல்ல. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, திருவொற்றியூர் ஃபேக்டரி. இங்கிலாந்துல தாய்க் கம்பெனி 1970-லயே மூடிட்டாங்க. நம்மூர்ல மட்டும் தடதடத்துக்கிட்டே இருந்துச்சு!

பழைய இரும்பு இன்ஜினை உதைக்க பலத்தை விட பொறுமைதான் முக்கியம். சாவியப் போட்டு கிக்கரை மெதுவா அழுத்தணும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுட்டு ஒரே உதை. அவசரப்பட்டா அது நம்மள உதைக்கும் :-) பிஸ்டன் எங்க இருக்குன்னு ஒரு முள்ளு சொல்லிடுது பாருங்க. நான் எழுதுற கோடு கூட இவ்ளோ தெளிவா பேசாது.

தொப்பூர் கணவாய் இறக்கத்துல நியூட்ரல் போடக்கூடாது, கியர்ல இருந்தா இன்ஜினே வண்டியப் பிடிச்சுக்கும்னு அப்பா சொல்லிக் கொடுத்ததும் இதுலதான். போன மாசம் அதே இறக்கத்துல நான் ஓட்டினேன், அவர் பின்னாடி. 'மூணாவதுக்கு வா'ன்னு தோளைத் தட்டினார். முட்டி வலியப் பத்தி அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல.

ஆர்.சி. புக்கை என் பேருக்கு மாத்திடலாம்னு இருக்கேன். தருமபுரில பாயிண்ட் செட் பண்ணத் தெரிஞ்ச பழைய மெக்கானிக் இருந்தா சொல்லுங்கப்பா.