வாலில்லாத தேளும் எங்கள் பொறுப்பும்



மார்க்கையன்கோட்டையில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களின் பூச்சிகளில் பாதி எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அப்படியோர் இரவில் இஷா தொழுதுவிட்டு வந்து கொல்லைப்புற விளக்கைப் போட்டோம். பழைய கல் சுவரில், உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்தபடி ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. "தேளு!" என்று நன்னி கூவினார். அத்தா செருப்பை ஓங்கினார். "வாலே இல்லையே அத்தா, எதை வச்சுக் கொட்டும்?" என்று தம்பி கேட்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

தேளையும் பாம்பையும் தொழுகையின்போதுகூடக் கொல்லலாம் என்ற அனுமதியை நாம் அறிவோம். அது தீங்கிழைப்பவற்றுக்கான அனுமதி. எதிரில் இருப்பது தேள்தானா என்று பாராமலே அந்த அனுமதியை எடுத்துக்கொள்ளலாமா என்ற தயக்கம் எங்களுக்கு வந்தது. ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி அதைப் பிடித்தோம்.

தேடிப் படித்தபோது அது வாலில்லாச் சாட்டைத்தேள் என்று தெரிந்தது. பெயரில் தேள் இருந்தாலும் கொடுக்கும் இல்லை, நஞ்சும் இல்லை. சிலந்தியைப் போலத் தோன்றினாலும் நூல் நூற்பதில்லை. எட்டுக் கால்களில் முன்னிரண்டு சாட்டைபோல் நீண்டு மெலிந்தவை. அவற்றால் இருளில் தடவித் தடவி வழியறிகிறது. மற்ற ஆறு கால்களால் நண்டைப்போலப் பக்கவாட்டில் நகர்கிறது. வாயருகே முள் நிறைந்த இரு கைகள் இரையைப் பற்றுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஃப்ரினிகஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று எண்ணினோம். இங்கே ஓர் எச்சரிக்கை: கணுக்கணுவான வாலும் அதன் நுனியில் கொடுக்கும் இருந்தால் அது தேளேதான். செந்தேள் கொட்டினால் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தம்பி அதை வளர்க்க விரும்பினான். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பறவையொன்றை வைத்திருந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் அதைப் பற்றி அன்போடு விசாரித்ததையும் அத்தா நினைவுகூர்ந்து சம்மதித்தார். ஆனால் ஆர்வம் இருந்த அளவுக்கு எங்களிடம் அறிவு இருக்கவில்லை. உயரம் குறைந்த இனிப்பு டப்பாவிலேயே அதை விட்டுவிட்டோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஸுபுஹு நேரத்தில் பார்த்தபோது, அது வெளிறிப்போய்த் தரையில் கிடந்தது. சாட்டைக் கால்களில் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது. இவ்வுயிர் தலைகீழாகத் தொங்கியபடிதான் தோலுரிக்கும். பழைய தோலிலிருந்து நழுவி இறங்கக் கீழே இடம் வேண்டும். அந்த இடத்தை நாங்கள் கொடுக்கவில்லை. பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், பூமியின் பூச்சிகளைத் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸை மத்ரஸாவில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அன்றுதான் அது எங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டதாக உணர்ந்தோம். தம்பி அழுதான். நாங்களும் தலைகுனிந்து நின்றோம்.

அன்றே உயரமான டப்பா ஒன்றை வாங்கிக் காற்றுத் துளைகள் இட்டோம். அடியில் தென்னை நார்க்கழிவை ஈரமாகப் பரப்பி, சொரசொரப்பான மரப்பட்டையைச் சாய்த்து நிறுத்தினோம். வெயில் படாத மூலையில் வைத்து, ஈரம் காயாதபடி தண்ணீர் தெளித்தோம். ஒரு மூடியில் சிறிது நீரும் வைத்தோம். அதன் உடலைவிடச் சிறிய பாச்சையோ கரப்பானோ வாரம் ஒன்றிரண்டு போதுமானதாக இருந்தது. மருந்து தெளித்த இடத்துப் பூச்சிகளைத் தவிர்த்தோம். தின்னாத இரையை அன்றே எடுத்துவிட்டோம். தோலுரித்து மென்மையாக இருக்கும் வேளையில் அந்த இரையே இதைக் கடித்துவிடக் கூடும். கையில் எடுத்து விளையாடுவதை அறவே நிறுத்தினோம்.

மாதங்கள் சென்றன. ஓர் இரவு அது பட்டையில் தொங்கித் தோலுரித்தது. ஒடிந்த இடத்திலிருந்து புதிய சாட்டையொன்று, சற்றுக் குட்டையாக, வளர்ந்திருந்தது. தம்பி மெல்ல "சுப்ஹானல்லாஹ்" என்றான். அத்தாவின் கண்கள் கலங்கியிருந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அதைக் கொல்லைப்புறச் சுவரின் இடுக்கிலேயே விட்டோம். விடலாமென்று முதலில் சொன்னவன் தம்பிதான். புதிய சாட்டையால் கல்லைத் தடவிப் பார்த்து, அது இருளுக்குள் நகர்ந்தது. ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் உணர்த்துகிறது. அவற்றுள் ஒன்றிடம் நாங்கள் தவறிழைத்தோம்; திருத்திக்கொள்ள அவகாசமும் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இன்றும் மழை நாளில் நன்னி செருப்பைத் தேடுகிறார். ஆனால் முதலில், "வாலு இருக்கான்னு பாருங்கடா" என்கிறார்.