சாயலும் நகலும்

படத்தைப் பார்த்துப் படம் எடுப்பது கலையா, களவா என்னும் வினா ஆடையழகு ஏடுகளின் உலகில் ஓயாது எழுகின்றது. பாரிஸ் நகரில் போல் புவாரே வடிவமைத்த ஆடைகளை எட்வர்ட் ஸ்டைகன் 1911-இல் ஏடொன்றிற்காகப் படம்பிடித்தார். இக்கலையின் தொடக்கம் அதுவே என்பர் பலர். அன்று முதல் ஒருவர் அமைத்த ஒளியையும் நிலையையும் மற்றவர் எடுத்தாள்வது வழக்கமாகிவிட்டது. சிலபோது வழக்காகவும் ஆவதுண்டு. பாடகி மடோனாவின் பாடற்காட்சி தம் தந்தையின் படங்களைப் பின்பற்றியதென்று, மறைந்த நிழற்படக் கலைஞர் கீ பூர்தேனின் மகன் 2003-இல் வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது.

நம் சென்னையிலும் இவ்வினாவை எழுப்பிய படங்கள் உண்டு. நிழற்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம், ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகையரைக் கொண்டு மறுபடியும் அமைத்து, 2020-ஆம் ஆண்டுக்கான நாட்காட்டியாக வெளியிட்டார். தனித்து வாழும் பெண்களுக்கு உதவும் ‘நாம்’ அறக்கட்டளைக்காக, சுகாசினி மணிரத்னம் முன்னின்ற முயற்சி அது. சமந்தா, சுருதிஹாசன், ரம்யா கிருஷ்ணன், குஷ்பு ஆகியோர் அதில் இடம்பெற்றனர். சேலை மடிப்பும் நகையும் ஒளி விழும் கோணமும் வியக்கத்தக்க உழைப்பு. சட்டத்திலும் குற்றமில்லை, ஓவியர் 1906-இல் மறைந்தார், நம் நாட்டுச் சட்டம் படைத்தவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளே உரிமை காக்கின்றது.

ஆயினும் மூலம் என்று எதைச் சொல்வது? திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் எண்ணெய் வண்ணம் தீட்டியதைப் பார்த்துப் பழகியவர் ரவிவர்மா. ஐரோப்பியக் கலையைப் போலச் செய்தார் என்னும் குறை அவர்மேலும் உண்டு. 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சகம் அவருடைய தேவியரின் முகங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. பின்வந்த நாட்காட்டிகள் அவற்றையே பார்த்து வரைந்தன. வரைய வரைய முகங்கள் வெளுத்தன.

சென்னையைச் சேர்ந்த நரேஷ் நில் என்னும் நிழற்படக் கலைஞரும் அவருடைய நண்பர் பரத்வாஜ் சுந்தரும் வெளியிட்ட படவரிசை 2018-இன் தொடக்கத்தில் பலராலும் பேசப்பட்டது. ‘கருமை தெய்விகமானது’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தனர். நாட்காட்டியில் நாம் கண்டு பழகிய அதே இருக்கை, அதே வீணை, அதே தாமரை. அமர்ந்தவர்கள் மட்டும் கருநிறத்தவர். நகல் என்றால் இதுவும் நகலே. ஆனால் முன்னைய நாட்காட்டியில் ஒப்புமை கண்டதும் கண் நிறைவடைந்து நகர்ந்துவிடுகின்றது. இங்கே அது நகர மறுக்கின்றது. நம் மட்டில் இரண்டாவதே பெரிய படைப்பு.

பின்பற்றுதல் நமக்கு இழிவன்று. திருத்தூதர் பவுலே தம்மைப் பின்பற்றுமாறு கொரிந்தியரை அழைத்தார். சாயலுக்குச் செலுத்தும் வணக்கம் மூலத்தைச் சென்றடைகின்றது என்று 787-இல் கூடிய இரண்டாம் நிக்கேயா பொதுச்சங்கம் கற்பித்தது. சகாய அன்னையின் படத்தை எத்தனை ஆயிரம் கைகள் பார்த்து வரைந்திருக்கும்! அவற்றுள் எதையும் நாம் போலி என்பதில்லை. ஆனால் குருமடத்தில் கற்ற வேறொன்றும் உண்டு. புனித இரேனேயு சாயல் வேறு, ஒப்புமை வேறு என்று பிரித்துரைத்தார்: சாயல் படைப்பிலேயே அருளப்பட்டது, ஒப்புமை தூய ஆவியின் துணையோடு வளரவேண்டியது. வளர்ச்சிக்கு இடம் தராத நகலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாடம் நினைவுக்கு வருகின்றது.

இது ஏட்டுப் பேச்சு மட்டுமன்று. ஆதம்பாக்கத்தில் திருமண ஓலை கொடுக்க வரும் இளையோர், கைப்பேசியில் ஏதோ ஓர் ஏட்டின் அட்டைப்படத்தைக் காட்டி, “இதே மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கோம், ஃபாதர்” என்கின்றனர். பின்னர் ஆல்பம் வருகின்றது. மணமகளின் முகம் வெண்மை. மோதிரம் அணிந்த கை மட்டும் அவளுடைய சொந்த நிறம். நிறம் மாற்றித் தருமாறு பெரும்பாலும் கேட்பவர்கள் தாய்மார்களே என்கின்றனர் ஸ்டுடியோக்காரர்கள். கடவுளின் சாயலாய்ப் படைக்கப்பட்ட முகத்தை அவளைப் பெற்றவளே திருத்தச் சொல்கின்றாள் என்பதுதான் நம்மை வருத்துகின்றது.

அவளைக் கடிந்துகொள்ள நம் ஆலயச் சுவர்கள் இடம் தருவதில்லை. நீலக்கண் மாதாவையும் பொன்முடி இயேசுவையும் மூன்று தலைமுறைக்குக் காட்டியவர்கள் நாம். கோவாவில் 1902-இல் பிறந்த ஆஞ்சலோ ட பொன்சேகா அன்னை மரியாவைச் சேலையுடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்தபோது சொந்த மண்ணிலேயே எதிர்ப்பைச் சந்தித்தார். 1967-இல் இறக்கும்வரை புனேயையே புகலிடமாகக் கொண்டார். வேளாங்கண்ணியிலோ எவரும் எழுதிவைக்காமலே மக்கள் அன்னைக்குச் சேலை சாத்துகின்றனர். உடையை மாற்றத் துணிந்த பக்தி, நிறத்தைத் தொடத் தயங்குகின்றது.

நம் பங்கில் மாதா சுரூபத்துக்குப் புதிதாக வண்ணம் பூசவேண்டியுள்ளது. வண்ணம் பூசுபவர் நிற அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். இளம்பெண்கள் இருவர் மாநிறத்தில் விரல் வைத்தனர். “காலங்காலமா இருந்த மாதா முகத்தை மாத்தக்கூடாது, சாமி” என்றார் பெரியவர் ஒருவர். அவர் சொல்வதிலும் பக்தி இருக்கின்றது. அட்டை இன்னும் நம் மேசையில்தான் கிடக்கின்றது. வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் பங்குப் பேரவை மீண்டும் கூடுகின்றது.