குழிக்குப் பக்கத்துல

போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ ஒட்டி 'கேடி' என்று எழுதுவார்களே, அதே பேர்தான் எங்களுக்கும். கோல்ஃப் பையைச் சுமக்கிறவனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் நம்ம நாக்கில் கேடி என்று விழுந்துவிட்டது. எங்க சேரியில் ரெண்டு வகைக் கேடியும் உண்டு. போலீஸ்காரன் வித்தியாசம் பார்த்ததில்லை.

சேரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் மதில். அந்தப் பக்கம் 18 குழி, நாள் பூராவும் தண்ணி பாயும் புல். இந்தப் பக்கம் ஒரு குழாயடி. ஊர் பேரும் கிளப் பேரும் வேண்டாம். எட்டாவது படிக்கும்போது சனி, ஞாயிறில் பை தூக்கப் போனேன். எங்க சித்தப்பா அதற்கு முன்னாலேயே இருபது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்தவர்.

கோல்ஃப் என்றால் தூரமாக அடிப்பது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு வேற. 72 அடியில் முடிக்கவேண்டிய மைதானம் என்றால், குழிக்கு ரெண்டு வீதம் 36 அடி, கிரீன் என்கிற வழுவழுப்பான புல்தரையில் உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பாதி ஆட்டம் அங்கேதான். கிரீனுக்கு ஓரத்தில் விழுந்த பந்தைக் குழிக்குப் பக்கத்தில் சேர்ப்பதையும் கூட்டினால் பாதிக்கு மேலே. இதைத்தான் ஷார்ட் கேம் என்கிறார்கள். மெம்பர்கள் இதைப் பழக மாட்டார்கள். தூரமாக அடித்தால் நாலு பேர் பார்ப்பான். பத்தடி உருட்டுவதை எவன் பார்ப்பான்?

நமக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. நீள அடி பழக ஏக்கர் கணக்கில் நிலம் வேணும். பை நிறைய மட்டை வேணும், 14 வரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. எங்களிடம் இருந்தது குழாயடிக்குப் பின்னால் பதினைஞ்சு தப்படி மண்ணு. கட்டட வேலை நடந்த இடத்தில் கிடந்த கம்பியின் நுனியை வளைச்சு, தட்டித் தட்டையாக்கின ஒரு மட்டை. குட்டையில் காலால் துழாவி எடுத்த நாலு பந்து. கோல்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம். சித்தப்பா அதைவிடச் சின்ன டின் ஒன்றைத் தேடிப் புதைச்சு வெச்சார்.

"காலை ஒட்டி வெச்சுக்கடா. பந்து வலது காலுக்கு நேரா இருக்கட்டும். ஒடம்பு பாரம் இடது கால்ல. கை பந்துக்கு முன்னால போவணும், மணிக்கட்டு மடங்கக்கூடாது. தூக்கி விடணும்னு நெனைக்காத, மட்டை அதத் தூக்கும். நீ தரையைப் பெருக்குற மாதிரி பெருக்கு."

பந்து ஆகாயத்தில் இருக்கும் நேரம் குறையணும், தரையில் உருளும் நேரம் கூடணும் என்பது அவருடைய கணக்கு. டின்னைப் பார்த்து அடிக்க விடமாட்டார். பந்து எங்கே விழவேண்டுமோ அங்கே ஒரு புளியங்கொட்டை வைப்பார், அதைப் பார்த்துத்தான் அடிக்கணும். பிட்சிங் வெட்ஜ் எடுத்தால் ஒரு பங்கு பறந்து ரெண்டு பங்கு உருளும். 7ஆம் நம்பர் அயர்ன் என்றால் ஒண்ணுக்கு அஞ்சு. சமதளத்தில் ஏறக்குறைய இப்படி. பள்ளிக்கூடம் போகாத மனுஷன் வச்சிருந்த வாய்ப்பாடு இது.

எங்களைப் போல உலகத்தில் நிறையப் பேர். 1979இல் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்த ஸ்பெயின்காரர் செவே பாலெஸ்டெரோஸ் சின்ன வயசில் கேடி. ஒரே ஒரு 3ஆம் நம்பர் அயர்னை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பழகியவர். 1991இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த அலி ஷேர் டெல்லியில் பை தூக்கியவர். அதுவரை இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் யாரும் அதை ஜெயித்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் பாப்வா செவ்கோலம் என்று ஒருவர். அங்கே கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வம்சம், அவரும் கேடி. சொல்லித் தர ஆளில்லாததால் மட்டையில் கைகளை எல்லாரும் வைப்பதற்கு மாற்றி, மேல் கை கீழாகப் பிடித்தார். அந்தப் பிடியோடுதான் 1959இல் டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1963இல் நேட்டால் ஓப்பனையும் ஜெயித்தார். வெள்ளைக்காரர்கள் கிளப்புக்குள்ளே உட்கார்ந்திருக்க, கோப்பையை வெளியே மழையில் நிற்கவைத்துக் கையில் கொடுத்தார்கள். நிறவெறிச் சட்டம் அப்படி. வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

சித்தியும் அந்த மைதானத்தில்தான் வேலை பார்த்தாள். கிரீனில் குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து கோரை பிடுங்குகிற பொம்பளைங்க எல்லாரும் எங்க தெரு. மட்டையை அவர்கள் தொட்டதில்லை. ஆனால் எந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவர்களைப்போல் தெரிந்தவர் கிடையாது. "ஏழாவதுல மழத்தண்ணி வேலியோரமாத்தான் ஓடும், பாத்தா மேடாத் தெரியும், நம்பாத"ன்னு ராத்திரி சோறு போடும்போது சொல்வாள். மறுநாள் சித்தப்பா அந்த வேலியோரத்தைக் காட்டி மெம்பரிடம், "சார், ரெண்டு குழி அகலம் விட்டு உருட்டுங்க" என்பார். புல் பளபளன்னு தெரிந்தால் நம்மைவிட்டு அந்தப் பக்கமா சாய்ஞ்சிருக்கு, பந்து ஓடும்; கறுத்துத் தெரிந்தால் எதிர்ப்புல், நிக்கும். இதுவும் சித்தி சொன்னதுதான்.

இப்படி ஒரு மெம்பருக்குச் சித்தப்பா மூணு மாசம் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்தார், கூலி இல்லாமல். கொடிக்கம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "இங்க விழட்டும் சார், இங்க விழட்டும் சார்" என்று செருப்பில்லாத கால் விரலால் இடம் காட்டுவார். அந்த வருஷம் அவருக்குக் கப்பு கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று நாங்களும் பேச்சைக் கேட்டோம். அமெரிக்காவில் அச்சான ஒரு புத்தகத்துக்கு நன்றி சொன்னார்.

சித்தப்பா கோபப்படவில்லை. "அந்தப் புக்கு கெடச்சா எடுத்தாடா, நான் சொன்னது சரியா எழுதியிருக்கானான்னு பாக்கணும்" என்றார். ரொம்ப நாள் கழிச்சு, காலேஜ் படிக்கும்போது, பழைய புத்தகக் கடையில் அது கிடைத்தது. ஒரு ஞாயித்துக்கிழமை வாசலில் உட்கார்ந்து தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். கால், கை, பாரம் எல்லாம் சித்தப்பா சொன்னபடியே இருந்தது. பந்து கிரீனுக்குள்ளேயேதான் முதலில் விழணும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அது அவன் ஊரு புல்லுக்கு. சித்திரை மாசம் நம்ம காஞ்ச தரைக்கு ரெண்டடி முன்னாலயே விழணும். எழுதிக்க."

புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சித்தி, "கோரை புடுங்குறதப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா?" என்று கேட்டாள். பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன்.